தெய்வத்திரு பெரியதம்பி உயிரோடு இருக்கிறார்

நான்காவது முறையாகப் பெரியதம்பி செத்துப்போனார்.

பவுலின் அவரை உயிர்ப்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ‘தெய்வத்திரு. பெரியதம்பி’ என்றிருந்ததை அழித்து, ‘திரு. பெரியதம்பி’ என்று அடித்து, சேமிக்கும் விசையை அழுத்தினாள். எழுத்துகள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. மறுபடியும் தெய்வத்திரு.

செத்தவர் அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"ஒரு நிமிஷம்ங்க."

"பத்து மணியில இருந்து இதே நிமிஷத்தத்தான் சொல்லிக்கினு இருக்க. எனக்குக் காத்துக்கினு கெடந்து பழக்கமில்ல. ஜல்தி."

அவருக்கு முகையூர் பக்கம் ஒரு கிராமம். தம்பி ஆனந்தராஜின் மகள் புனிதாவுக்குத் திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். பத்திரிகையில் பெரியப்பா பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அவர் சொல்லி, முதலில் வந்தும் இருந்தது. நேற்று சாயங்காலம் மாதிரிப் பிரதி ஊருக்குப் போனபோது, பத்துப் பேர் நடுவில் ஆனந்தராஜ் அதை உரக்கப் படித்திருக்கிறார். முதல் வரியிலேயே அண்ணன் காலமாகிவிட்டார். பத்துப் பேரில் ஒருத்தர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை யார் சிரித்தது என்பதை இன்று காலையிலிருந்து பெரியதம்பி மூன்று முறை பெயர், தகப்பன் பெயரோடு சொல்லிவிட்டார்.

வண்டியில் அவரோடு அவருடைய மனைவியும் வந்திருந்தார். சுவரோரம் முக்காலியில், மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. பெரியதம்பி அவரைக் கூப்பிடும்போது "இந்தா" என்றார். கூப்பிடாதபோது அதுவும் இல்லை.

பவுலின் திரையை முறைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகும். இப்போது அதில் தோசை வார்க்கலாம்.

விழுப்புரத்தில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த அந்த அச்சகத்துக்குத் தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வகுப்பு. பிறகு கல்யாணம், பிள்ளை, மாமியாரின் இடுப்பு எலும்பு. பன்னிரண்டு வருடம் வீட்டில் எல்லாரும் அவளை ஆஸ்வினம்மா என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட நோட்டீசில் ஆஸ்வினின் தாயார். மாதா கோயில் திருவிழாப் பட்டியலில் கணவன் பெயரில் மரிய அருண் குடும்பத்தார். இந்த அச்சகத்தில் முதல் நாள் வருகைப் பதிவேட்டில் ‘பவுலின்’ என்று எழுதியபோது, யாரோ ஒருத்தியின் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதுகிற மாதிரி அவளுக்குக் கை கூசியது.

மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாக முதலாளி மாசிலாமணி சொல்லியிருந்தார். மூன்றாவது மாதத்தின் கடைசி நாள் இன்று.

காலையில் அவர் விஷயத்தை விளக்கமாகவே சொன்னார். மூன்று மணிக்கு இந்தப் பத்திரிகை மிஷினுக்குப் போயாக வேண்டும். நாளைக் காலையில் முதல் பத்திரிகையைத் திருவாமாத்தூரில் சாமி காலடியில் வைக்கிறார்கள். இது முடியாவிட்டால், இனிமேல் திண்டிவனத்தில் இருந்தபடியே சீனுவாசனையே செய்து அனுப்பச் சொல்லிவிடலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கனிவாக ஒன்று சேர்த்தார்.

"நீங்களும் வீட்டப் பாத்துக்கினு நிம்மதியா இருப்பீங்க மேடம்."

அந்தக் கனிவுதான் அவளுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

சீனுவாசன் என்பவன் இங்கே ஆறு வருடம் இருந்தவன். பத்திரிகை வாசகங்களை அடிக்கிற எடிட்டர் மென்பொருளை அவன்தான் கொண்டுவந்து போட்டான். அந்த எடிட்டருக்குள்ளேயே ஒரு குட்டி மொழி உண்டு. அதில் கணினிக் கட்டளைகளாகச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி, சேமிக்கும் விசையில் வரிசையாக மாட்டி வைத்தால், விசையை அழுத்தும்போதெல்லாம் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்று ஆங்கிலத் தேதிக்குத் தமிழ் மாதம் போடும். ஒன்று தாய்மாமன்களை வயசு வாரியாக நிறுத்தும். ஒன்று பக்கத்தை வடிவமைத்து மிஷினுக்குத் தயாராக்கும். பெயரை மட்டும் அடித்தால் போதும், மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று மாசிலாமணிக்குப் பெருமை. சீனுவாசன் மூன்று மாதத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். பவுலின் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. காலையில் கைகூட ஆட்டுவான்.

இனி தட்டிப் பார்த்துப் பயனில்லை, தோண்டிப் பார்க்க வேண்டியதுதான் என்று பவுலின் முடிவு செய்தாள். சேமிக்கும்போது உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று தடம் எடுக்கும் வசதியை முடுக்கிவிட்டு விசையை அழுத்தினாள். திரையில் ஒரு பட்டியல் வந்தது.

லாம்ப்டா. லாம்ப்டா. லாம்ப்டா. லாம்ப்டா.

எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று. லாம்ப்டா என்றால் பெயர் வைக்காத நிரல். ஒரே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதற்காகப் பெயர் வைக்காமல் எழுதுவது. இந்தப் புண்ணியவான் ஆறு வருடமாக அச்சகத்தையே அதில் ஓட்டியிருக்கிறான். நாற்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது. எது பெரியதம்பியைக் கொல்கிறது என்று யாரைக் கேட்பது?

அவனுக்கே போன் செய்தாள்.

"பேரு வெச்சிருந்தா இன்னா கொறஞ்சிடும்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"எங்கக்கா நேரம்? ஓனரு ஜல்தி ஜல்தின்னு உயிர எடுப்பாரு. வேல நடந்தா சரின்னு மாட்டி உட்டுட்டேன்."

"நீ என்ன அக்கான்னு கூப்பிடாத. தெய்வத்திரு போடுறது எது? அத மட்டும் சொல்லு."

"அது தானா போடும்க்கா. செத்தவங்களுக்குத்தான் போடும். தப்பாப் போடாது. கடையில ஆளு நிக்கிறாங்க, வெச்சிடவா?"

வைத்துவிட்டான். தப்பாகப் போடாதாம். தப்பாகப் போட்டது அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பாண்டிச்சேரியில் தான் பிழைத்து வந்த கதையைத் தொடங்கியிருந்தது.

"போன ஆடியில நெஞ்சு வலின்னு மூணு நாளு ஐசியூல போட்டானுங்க. டாக்டரே கைய விரிச்சிட்டான். எமன் வந்து பாத்துட்டு, இந்தாளு பேஜாரு புடிச்ச ஆளுன்னு திரும்பிப் போய்ட்டான். அவனாலயே முடியல. நீ ஒரு பொட்டிய வெச்சிக்கினு என்ன முடிச்சிட்டியேம்மா."

மனைவி மஞ்சள் பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பவுலின் நிரல் கோப்பைத் திறந்தாள். ‘தெய்வத்திரு’ என்ற சொல் ஏழெட்டு இடங்களில் இருந்தது. சந்தேகப்பட்ட ஒன்றைத் திருத்தி, கோப்பை மறுபடி ஏற்றினாள். விசையை அழுத்தினாள்.

‘தெய்வத்திரு. தெய்வத்திரு. பெரியதம்பி.’

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தபோது காது மடல் எரிந்தது. பெயர் இருந்திருந்தால் புதியது வந்ததும் பழையது ஒதுங்கியிருக்கும். பெயரில்லாததால் எடிட்டருக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியவில்லை. இரண்டையும் மாட்டிக்கொண்டுவிட்டது. அவசரத்தில் இன்னொரு திருத்தம் செய்தாள். மூன்று தெய்வத்திரு.

டீ கிளாசை வைத்துவிட்டுப் பெரியதம்பி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். மூச்சுக்காற்று அவள் தோளில் பட்டது.

"ஏம்மா, ஒரு தடவ சாவடிச்சது பத்தலயா?"

மாசிலாமணி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெயர் மேலே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி விட்டால் என்ன என்று கேட்டார். என் பேரு மேல ஸ்டிக்கரா என்று பெரியதம்பி கேட்ட தொனியில், கேட்டதை உடனே திரும்ப எடுத்துக்கொண்டார். போகும்போது பவுலினைப் பார்த்து ஒரு கனிவான சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். எது கொல்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றை மாட்டி, எல்லாம் முடிந்தபிறகு ‘தெய்வத்திரு’ என்பதை எங்கே எத்தனை கண்டாலும் ஒரே ‘திரு’ என்று மாற்றிவிடலாம் என்று தோன்றியது. கோபத்தில் விரல்கள் வேகமாக ஓடின. ஐந்தே வரி. மாட்டினாள். அழுத்தினாள். ‘திரு. பெரியதம்பி.’

அச்சிட்டு நீட்டினாள். வாங்கிப் படித்த பெரியதம்பியின் முகம் முதல் வரியில் மலர்ந்தது. நாலாவது வரியில் சுருங்கியது.

"எங்கப்பா எப்பம்மா எழுந்து வந்தாரு?"

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் போன அவருடைய அப்பா, திரு என்ற அடைமொழியோடு அனைவரையும் வருக வருக என அழைத்துக்கொண்டிருந்தார். கூடவே இரண்டு தாத்தாக்கள், கிணற்றில் விழுந்த ஒரு சித்தப்பா, பெண்ணின் தாய்மாமன் என்று மொத்தக் குடும்பமும் உயிர்த்தெழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட பவுலின் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று பார்த்ததில்லை.

"அந்தச் சித்தப்பன் இருந்தா முதல்ல எனக்குப் பாகப்பிரிவினையே ஆயிருக்காது. இது எவனோ வேணும்னே பண்ற வேல. எனக்குத் தெரியும் எவன்னு."

அவர் அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். பேச்சில் பாதி பவுலினுக்குக் காதில் விழுந்தது, மீதி சந்துக்கே விழுந்தது. ஆனந்தராஜ்தான் அச்சகத்தில் ஆள் வைத்துத் தன்னைச் சாகடித்தான் என்றார். முதல் பெயர் அவனுடையதாகிவிடும் என்கிற ஆசை என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஆனந்தராஜ், அப்படியானால் உன் பெயரே வேண்டாம், எடுத்துவிடச் சொல் என்று கத்தியிருக்க வேண்டும். பெரியதம்பி போனை அணைத்துவிட்டு, மூன்று மணிக்குள் தன் பெயர் திரு என்ற அடைமொழியோடு முதல் வரியில் வராவிட்டால் கல்யாணப் பந்தலில் தன் கால் படாது என்று அறிவித்தார். பெரியப்பா இல்லாமல் தாரை வார்ப்பது எப்படி என்று ஊரே பார்க்கட்டும்.

மணி ஒன்றே முக்கால்.

பவுலின் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் தடப் பட்டியல் திறந்தபடியே இருந்தது. திருத்தம் போட்டதில் ஏறிய இரண்டோடு சேர்த்து இப்போது நாற்பத்து நான்கு. கடைசி வரியில் அவள் மாட்டியது நின்றது. லாம்ப்டா.

அவளும் பெயர் வைக்கவில்லை.

யார்மீது இத்தனை நேரம் கோபப்பட்டாள்? சீனுவாசன்மீதா? வேலை நடந்தால் போதும், பெயர் எதற்கு என்று அவன் நினைத்ததைத்தானே அவளுடைய ஐந்து வரியும் நினைத்தது. அவளை ஆஸ்வினம்மா என்று கூப்பிட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேலை நடந்தது. பன்னிரண்டு வருடம் எல்லாம் சரியாக நடந்தபோது அவளை யாரும் தேடவில்லை. ஏதாவது தவறினால் மட்டும் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். முக்காலியில் இருந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் பெயரைப் பத்திரிகையில் தேடினாள். இல்லை. ‘பெரியதம்பி குடும்பத்தினர்’ என்பதற்குள் எங்கோ இருந்தார்.

பவுலின் எடிட்டரை முழுவதும் மூடித் திறந்தாள். தான் சேர்த்ததையெல்லாம் எடுத்து, பத்திரிகையையும் காலையில் இருந்தபடிக்கு மீட்டுவிட்டு, நிரல் கோப்பின் முதல் வரிக்குப் போனாள். இனிமேல் அவசரப்படுவதில்லை. மூன்று மணிக்கு வேலை போனால் போகட்டும். ஆனால் இந்த நாற்பத்தொன்றையும் பெயர் வைக்காமல் விட்டுவிட்டுப் போகப்போவதில்லை.

ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்ததும் பெயர் வைத்தாள். மாதம் போடுகிறவன். மாமன்களை நிறுத்துகிறவன். புள்ளிக்குப் பின் இடம் விடுகிறவன். ஒன்று மணமகள் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ போட்டது. இன்னொன்று, காரணமே இல்லாமல், ‘சீனுவாசன்’ என்று பெயருள்ள யாருக்கும் ‘உயர்திரு’ போட்டது. அதற்கு ‘நாய்’ என்று பெயர் வைத்தாள். பின்னால் பெரியதம்பி ஜல்தி ஜல்தி என்பது மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. மாசிலாமணி அவரை மிஷின் பார்க்கலாம் வாங்க என்று உள்ளே அழைத்துப் போனார்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு நாற்பத்தொன்றுக்கும் பெயர் ஆகிவிட்டது. தடத்தைப் போட்டு, விசையை அழுத்தினாள்.

இப்போது பட்டியலில் எல்லாரும் பெயரோடு வந்து நின்றார்கள். பதினேழாவது இடத்தில், ‘அஞ்சலி பார்க்கிறவன்’ ஓடி முடித்த அந்த நொடியில் பெரியதம்பி செத்தார்.

அதைத் திறந்து நிதானமாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்குச் சீனுவாசன்மீது வேண்டா வெறுப்பாக ஒரு மதிப்பு வந்தது. கல்யாணப் பட்டியல் எழுதித் தருகிறவர்கள் இறந்தவர்களுக்கு அடைமொழி போட மறந்துவிடுவார்கள். பிறகு வந்து சண்டை போடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பதும் இதே அச்சகம்தான். அதனால் இந்த நிரல், ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து அஞ்சலி போஸ்டர்கள் இருக்கும் ஃபோல்டரில் தேடும். போஸ்டர் இருந்தால் ஆள் இல்லை. அவ்வளவுதான். தப்பே இல்லாத நிரல்.

அஞ்சலி ஃபோல்டரைத் திறந்தாள்.

இருந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதத்துக் கோப்பு. திறந்ததும் திரை முழுக்கப் பெரியதம்பி. அதே மீசை, அதே துண்டு, கண்ணில் அதே அவசரம். சுற்றிலும் கறுப்புக் கரை. தலைக்குமேல் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே தோற்றம் என்பதற்கு நேராகத் தேதி இருந்தது. மறைவு என்பதற்கு நேராக எதுவும் இல்லை.

பவுலின் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். மிஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது. அவள் ‘நிலுவை’ என்று ஒரு புதிய ஃபோல்டர் போட்டு, அந்தக் கோப்பை அதற்குள் நகர்த்தினாள். பத்திரிகைக்குத் திரும்பி வந்து ‘திரு’ என்று அடித்து, விசையை அழுத்தினாள். காத்திருந்தாள். திரு அப்படியே நின்றது. அப்பாவும் தாத்தாக்களும் சித்தப்பாவும் அமைதியாகத் தங்கள் தெய்வத்திருவுக்குள் திரும்பியிருந்தார்கள்.

பிரதியைப் பெரியதம்பி மூன்று முறை படித்தார். குறை கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. அப்புறம் சத்தமில்லாமல் தம்பிக்குப் போன் போட்டு, பந்தல்காரன் வந்துவிட்டானா என்று விசாரித்தார். மாசிலாமணி பக்கத்தை மிஷினுக்கு அனுப்பிவிட்டு வந்து, தொண்டையைச் செருமினார்.

"திங்கக்கிழம சீக்கிரம் வந்துடுங்க மேடம். நெறைய ஆர்டர் கெடக்குது."

"பவுலின்னே கூப்பிடுங்க சார்," என்றாள் அவள்.

முதல் கட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு பெரியதம்பி வண்டியை எடுக்க வெளியே போனார். போகிற போக்கில் "இந்தா, ஜல்தி வா" என்று முக்காலிப் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். அந்த அம்மா மெதுவாக எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வேலை முடிந்துவிட்டது. வேலையும் நிலைத்துவிட்டது. ஆனால் பவுலினின் காது மடல் இன்னும் ஆறவில்லை. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கும்போதே கறுப்புக் கரை போட்டு வைத்தது யார்? ஆனந்தராஜா? சிரித்தாரே, அவரா? அவளை ஒரு பகல் முழுக்க நாயாக அலைய விட்ட ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. நிலுவையைத் திறந்து, கோப்போடு சேர்ந்திருந்த ஆர்டர் சீட்டைப் பார்த்தாள். கொடுத்தவர் பெயர் வீரம்மாள். அப்படி ஒரு பெயரை இன்று முழுக்க அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் ஒரு செல்போன் எண்.

அடித்தாள்.

மஞ்சள் பைக்குள் மணி அடித்தது.

அந்த அம்மா பையில் கையை விட்டு, அவசரமே இல்லாமல் போனை எடுத்து அணைத்தார். வாசலில் பெரியதம்பி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பவுலினின் மேசைக்கு அருகில் வந்து, அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"அத அழிச்சிடாத கண்ணு, அப்பிடியே இருக்கட்டும், எல்லாத்துக்கும் ஜல்தி ஜல்தின்னு பறக்குற மனுஷன், இது ஒண்ணுலதான் என்ன ஒரு வருஷமா காக்க வெச்சிக்கினு இருக்காரு."